கைவிட்ட மொழியின் சோர்ஸ் கோட் வெளியே வந்தால் யாருக்கு லாபம்?

கேள்வி இதுதான். குமுளியில் உங்கள் மாமாவுக்கு ஏலக்காய்க் கடை. கொள்முதல், இருப்பு, பில் எல்லாம் 2001-ல் யாரோ விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்த புரோகிராமில்தான் இன்றைக்கும் ஓடுகிறது. எழுதியவர் கல்ஃபுக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. மொழியை வைத்திருந்த மைக்ரோசாப்ட்டும் அதைக் கைகழுவிவிட்டது. "இப்படி நிறுத்திய மொழிகளின் சோர்ஸ் கோடை, அதாவது அவற்றை உருவாக்கிய மூல நிரலை, யாரும் படித்துத் திருத்தும்படி திறந்த மூலமாக வெளியிடு என்று ஆட்கள் கேட்கிறார்களே, வெளியிட்டால்தான் என்ன வந்துவிடும்? செத்த மாட்டுக்குப் புல் போடுகிற கதைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாடு சாகவில்லை. தினமும் கறந்துகொண்டுதான் இருக்கிறது. வைத்தியர்தான் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது, அதனால் லாபத்தையும் அங்கேதான் தேட வேண்டும். சோர்ஸ் வெளியே வந்தால் கல்லூரிப் பையன்கள் எல்லாரும் நாளைக்கே ஃபாக்ஸ்ப்ரோ படிக்க வரிசையில் நிற்கப்போவதில்லை. அந்தக் கனவு வேண்டாம். ஆனால் ஏற்கெனவே அதில் மாட்டிக்கொண்டிருக்கிற உங்கள் மாமா மாதிரி ஆட்களுக்கும், அவர்களுடைய புரோகிராம்களைச் சரிசெய்யக் கம்பத்துக்கும் குமுளிக்கும் மலை ஏறி இறங்குகிற என்னை மாதிரி ஆட்களுக்கும் அது நிஜமான உதவி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கே சோர்ஸ் என்பது இரண்டு. ஒன்று, உங்கள் கடைக்காக எழுதிய புரோகிராமின் சோர்ஸ். அது எழுதியவரின் பழைய கம்ப்யூட்டரிலோ, பரணில் கிடக்கும் ஏதோ ஒரு சிடியிலோ இருக்கும், அல்லது எங்குமே இருக்காது. இன்னொன்று, ஃபாக்ஸ்ப்ரோ என்ற மொழியின் சோர்ஸ். கட்டளைகளைப் படித்து வேலை செய்கிற என்ஜின். மைக்ரோசாப்ட் இரண்டாவதை வெளியிட்டாலும் முதலாவது தானாகத் திரும்பி வராது. ஆனால் இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஃபாக்ஸ்ப்ரோ உங்கள் புரோகிராமை நேரடியாக இயந்திர மொழியாக மாற்றுவதில்லை. சின்னச் சின்னக் குறியீடுகளாகச் சுருக்கி எக்ஸிக்குள் (நீங்கள் கிளிக் செய்து ஓட்டுகிற .exe கோப்பு) அடுக்கிவைக்கிறது. ஓட்டும்போது கூடவே இருக்கும் என்ஜின் (ரன்டைம் என்பார்கள்) அதை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்கிறது. அதனால்தான் எக்ஸி மட்டும் கையில் இருந்தாலும் அதைப் பிரித்து, படிக்கக்கூடிய நிரலாகத் திரும்ப எடுக்க முடிகிறது. காசுக்கு அந்த வேலையைச் செய்யும் கருவிகள் வெகுகாலமாக இருக்கின்றன. என்ஜினின் சோர்ஸ் வெளியே இருந்தால், எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்று யூகிக்க வேண்டியதில்லை. எழுதியவரைத் தேடி ஷார்ஜாவுக்குப் போன் போடுகிற வேலை பாதி மிச்சம்.

சரி, என்ஜினைப் படிக்க முடிவதில் என்ன பெரிய லாபம் என்று கேட்பீர்கள். நான் மூன்று நாள் தூக்கம் கெட்ட கதையைச் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு இங்கே ஒரு வியாபாரி பழைய ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமை விட்டுவிட்டுப் புதிதாக எழுதிய ஒன்றுக்கு மாறினார். மாறும்போது ஒரு மாதம் இரண்டையும் சேர்த்தே ஓட்டுவோம். கடை சாத்தியதும் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணக்குப்பிள்ளை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு ஒத்துப் பார்ப்பார். இருப்பு மதிப்பு ஒத்துவரவில்லை. ஒரு லாட்டில் 3 ரூபாய் 7 காசு உதைத்தது. சரக்கு 61.4 கிலோ, சராசரி விலை 1,234.75. பெருக்கினால் 75,813.65, புதியது அதைத்தான் சொன்னது. பழையது 75,816.72 என்றது. கணக்குப்பிள்ளைக்குப் பழையதின் மேல்தான் நம்பிக்கை. "இருபது வருஷமா அது பொய் சொன்னதில்லை" என்றார். புதிய புரோகிராமை எழுதியது நான் என்பதால் குற்றவாளியும் நானே.

தேடித் தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. முதலில் எழுதியவர் விலைக்கான ஃபீல்டை (விலையை எழுதுகிற கட்டம்) மொத்தம் 6 இடம், அதில் தசமம் 2 என்று வைத்திருந்தார். புள்ளிக்கும் ஓர் இடம் போய்விடும். ஆக 999.99 வரைக்கும்தான் ஒழுங்காக உட்காரும். ஏலக்காய் கிலோ ஆயிரத்தைத் தாண்டும் என்று அன்றைக்கு அவர் நினைத்திருக்க மாட்டார். (2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் 7,000 ரூபாய்க்கே போனது; அந்த வாரம் இங்கே யாரும் வேறு பேச்சே பேசவில்லை.) ஆயிரத்தைத் தாண்டிய எண்ணைக் கொடுத்தால் ஃபாக்ஸ்ப்ரோ கத்தாது, நிற்காது. தசமத்தில் ஓர் இடத்தை வெட்டி, வட்டமாக்கி, 1234.8 என்று எழுதிவிட்டு அமைதியாகப் போய்விடும். கிலோவுக்கு 5 காசு கூடுதல், 61.4 கிலோவுக்கு 3 ரூபாய் 7 காசு. இன்னும் பெரிய எண் வந்து எப்படியும் அடங்காவிட்டால்தான் நட்சத்திரக் குறிகளைப் போட்டு அழும்.

இந்த விவரம் ஹெல்ப் ஃபைலில் ஒரு மூலையில் இருந்தது. என் கண்ணில் பட்டது மூன்றாவது நாள். ஆனால் ஹெல்ப் ஃபைலில் எழுதாத நடத்தைகளும் ஒரு மொழியில் நிறைய இருக்கும். வட்டமாக்கும்போது சரியாகப் பாதியில் நிற்கிற எண் எந்தப் பக்கம் விழும், காலியான தேதியை ஒப்பிட்டால் என்ன வரும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரு ரெக்கார்டைத் தொட்டால் யாருக்கு முதல் உரிமை, இப்படி. இருபது வருடக் கணக்கு இந்த நடத்தைகளின் மேல்தான் நிற்கிறது. என்ஜினின் சோர்ஸ் இருந்தால், சந்தேகம் வந்த இடத்தைத் திறந்து பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். விசித்திரம் என்னவென்றால், மொழியை விட்டு வெளியேற நினைக்கிறவனுக்குத்தான் அதன் சோர்ஸ் அதிகம் தேவைப்படுகிறது.

படிக்க முடிவதால் வருகிற இன்னொரு லாபம், யாருக்கும் தெரியாமல் உள்ளே கிடக்கும் ஓட்டை வெளிச்சத்துக்கு வருவது. இதற்கு என்னிடம் உள்ள சிறந்த உதாரணம் மொழி அல்ல, இன்டர்பேஸ் என்ற டேட்டாபேஸ். போர்லாண்ட் அதன் சோர்ஸை 2000 ஜூலையில் வெளியிட்டது. படித்துப் பார்த்தவர்கள் சில மாதத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும்: 'பொலிடிக்கலி', 'கரெக்ட்'. அதைத் தட்டினால் எந்த டேட்டாபேஸுக்குள்ளும் முழு அதிகாரத்தோடு நுழையலாம். 1994 வாக்கில் இருந்தே அது உள்ளே இருந்திருக்கிறது; 2001 ஜனவரியில்தான் உலகத்துக்கு எச்சரிக்கை போனது. இத்தனை வருடம் பூட்டிய கதவு என்று நினைத்து உலகம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது. சோர்ஸை வெளியிட்டால் திருடனுக்கு வழி தெரிந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அந்தச் சோர்ஸிலிருந்து பிறந்த ஃபயர்பேர்ட் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அப்புறம் நம் எழுத்துப் பிரச்சினை. இதை வெளிநாட்டுக்காரர்கள் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. எல்லையோரத்தில் கடை வைத்திருப்பவருக்கு ஒரே பில்லில் தமிழ்ப் பெயரும் வேண்டும், மலையாளப் பெயரும் வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு யூனிகோட் தெரியாது; உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற பொது முறை அது. ஃபாக்ஸ்ப்ரோவோ ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில், 'கோட் பேஜ்' முறையில் நிற்கிற மொழி. விண்டோஸில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் யூனிகோட் வழி மட்டும்தான். அதனால் நாங்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் குறுக்கு வழியில் போனோம். பாமினி மாதிரி எழுத்துருவைப் போட்டு, உள்ளே ஆங்கில எழுத்துகளைச் சேமித்து, வெளியே தமிழாகக் காட்டினோம். 'தமிழ்' என்ற சொல்லே டேபிளுக்குள் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். மலையாளத்துக்கு வேறொரு எழுத்துரு, வேறொரு கணக்கு. எந்த ஃபீல்டில் எந்த எழுத்துரு என்பது எழுதியவர் மனதுக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கு அந்தப் பெயர்களை வேறு புரோகிராமுக்குக் கொண்டுபோனால் முழுக்கக் குப்பை. என்ஜின் திறந்திருந்தால், சந்தை சின்னது என்று கம்பெனி ஒருபோதும் செய்யாத இந்த வேலையைக் கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ உட்கார்ந்து யாராவது நான்கு பேர் செய்திருப்பார்கள். லினக்ஸ் பக்கத்துக் கருவிகளில் தமிழ் அப்படித்தான் நுழைந்தது. யாரும் அமெரிக்காவிலிருந்து வந்து நமக்குப் போட்டுக் கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று தலைக்கு மேல் தொங்குகிறது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 32 பிட், அதாவது முந்தைய தலைமுறைக் கம்ப்யூட்டருக்காக எழுதியது. இன்றைய 64 பிட் விண்டோஸ் அதை ஏதோ பழைய உறவுக்காக ஓடவிடுகிறது. இதே விண்டோஸ் 16 பிட் புரோகிராம்களை என்ன செய்தது என்று எங்களுக்கு நினைவிருக்கிறது. 64 பிட்டுக்கு மாறியதும் டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ 2.6 புரோகிராம் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனது. அதை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிற கடைகள் டாஸ்பாக்ஸ் புண்ணியத்தில் ஓட்டுகின்றன. டாஸ்பாக்ஸ் என்பது புதிய கம்ப்யூட்டருக்குள் பழைய டாஸ் கம்ப்யூட்டரை நடித்துக் காட்டும், யாரோ ஆர்வத்தில் எழுதிய திறந்த மூல மென்பொருள், அதுவும் பழைய விளையாட்டுகளை ஆடுவதற்காக! ஏலக்காய்க் கணக்கு விளையாட்டுப் பிள்ளைகள் தயவில் பிழைத்தது என்று சொன்னால் மாமா நம்பமாட்டார், ஆனால் உண்மை. நாளைக்கு 32 பிட்டுக்கும் அந்த நிலை வந்தால், என்ஜினின் சோர்ஸ் இருந்தால் மட்டுமே அதை 64 பிட்டுக்கு முறையாக எடுத்துப்போக முடியும்.

மைக்ரோசாப்ட் ஒன்றுமே தரவில்லையா என்றால், பாதி தந்தது. 1992-ல் ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் என்ற ஒஹாயோ கம்பெனியை வாங்கியது. 2004-ல் ஒன்பதாம் பதிப்பு. 2007 மார்ச்சில் இனி பத்தாம் பதிப்பு கிடையாது என்று அறிவித்தது. 2015 ஜனவரியில் ஆதரவையும் முடித்துக்கொண்டது. 2007-ல் ஸ்பானிஷ் பேசும் புரோகிராமர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். விட்டுவிடுவதானால் சோர்ஸைக் கொடு என்பது அவர்கள் கேட்டதில் ஒன்று. கிடைத்தது என்ன? ஃபாக்ஸ்ப்ரோவிலேயே எழுதப்பட்ட பக்கக் கருவிகளின் சோர்ஸ். சி மொழியில் எழுதிய என்ஜின் இன்றுவரை வெளியே வரவில்லை. வாசல் திண்ணையைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்ட கதை.

ஆனாலும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தே ஆட்கள் எவ்வளவு செய்திருக்கிறார்கள் பாருங்கள். விஎஃப்பிஎக்ஸ் என்று ஒரு கூட்டம் இன்றும் கருவிகளை எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது எனக்கு அதன் அருமை தெரிந்தது. அதுவரை சி ஃபாரமும் (வெளிமாநில விற்பனைக்கான பழைய வரிப் படிவம்) செக்போஸ்ட்டும் என்று இருந்த புரோகிராமில், தமிழ்நாட்டுக் கம்பம் கிளைக்கு 33-ல் தொடங்கும் ஜிஎஸ்டி எண், கேரளத்துக் குமுளிக் கடைக்கு 32-ல் தொடங்கும் எண், நடுவில் ஒரே முதலாளியின் சரக்கு மலை ஏறினாலும் ஐஜிஎஸ்டி என்ற மாநிலம் தாண்டும் வரி. பிறகு பெரிய வியாபாரிகளுக்கு இ-இன்வாய்ஸ் வந்தது: ஜேசான் கோப்பு (புரோகிராம்கள் தங்களுக்குள் விவரம் பரிமாறும் ஒரு வடிவம்), க்யூஆர் கோட். ஃபாக்ஸ்ப்ரோ பிறந்த காலத்தில் இரண்டுமே கிடையாது. இரண்டுக்கும் தேவையான துண்டுகளை எங்கோ இருக்கிற யாரோ எழுதி இலவசமாகப் போட்டிருந்தார்கள். நான் எடுத்து ஒட்டினேன். பாதி திறந்ததிலேயே இவ்வளவு.

முழுசாகத் திறந்து ஜெயித்த மொழி இருக்கிறதா என்றால் எர்லாங்கைச் சொல்லலாம். எரிக்சன் கம்பெனி தன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கியது. 1998 தொடக்கத்தில் புதிய வேலைகளுக்கு இனி அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனிக்குள்ளேயே தடை வந்தது. அதே வருடம் டிசம்பரில் சோர்ஸை வெளியிட்டார்கள். உருவாக்கியவர்களில் பலர் வேலையை விட்டுப் போய்த் தனியாகக் கம்பெனி தொடங்கினார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வாட்ஸ்அப்பின் சர்வர்கள் ஓடியது எர்லாங்கில்தான். உங்கள் மாமா காலையில் லாட் விலையை அனுப்புகிற குரூப்பே கைவிடப்பட்ட ஒரு மொழியின் மேல்தான் கட்டப்பட்டது. ஆனால் இதை வைத்து எல்லா மொழிக்கும் ஜாதகம் எழுதிவிடாதீர்கள். எர்லாங்கைப் படைத்தவர்களே கூட இருந்தார்கள், அதற்கென்று ஒரு தனித் திறமை இருந்தது. இரண்டும் சேர்வது அபூர்வம்.

எதிர்ப் பக்கத்துக்கு டாஸ் காலத்து மொழியான ஜிடபிள்யூ பேசிக்கைச் சொல்லலாம். 1983-ம் வருடச் சோர்ஸை மைக்ரோசாப்ட் 2020 மேயில் எம்ஐடி லைசென்ஸில் (யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்கிற உரிமம்) போட்டது. அசெம்பிளி நிரல் மட்டும். அதைக் கட்டுவதற்கான கருவிகள் இல்லை, திருத்தம் அனுப்பினால் வாங்கவும் மாட்டோம் என்று எழுதியே வைத்தார்கள். ஆர்வலர்கள் விடுபட்டதை நிரப்பி ஓடவிட்டார்கள் என்பது வேறு விஷயம். படிக்க அருமையான சாமான். ஆனால் கடை நடத்துகிறவனுக்கு 37 வருடம் கழித்து வருகிற சோர்ஸ் கண்காட்சிப் பொருள்தான். நான் சொல்கிற லாபம் முழுக்கக் காலத்தைப் பொறுத்தது. தெரிந்த ஆட்கள் இன்னும் வேலையில் இருக்கும்போதே வர வேண்டும்.

கம்பெனி ஏன் கொடுப்பதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வெறும் பிடிவாதம் அல்ல. ஒரு பெரிய மொழியின் உள்ளே வேறு கம்பெனிகளிடம் லைசென்ஸ் வாங்கிய துண்டுகள் இருக்கும். மைக்ரோசாப்ட் நிறுத்திய இன்னொரு மொழியான விஷுவல் பேசிக் 6-ல் இயந்திர நிரலை உருவாக்கும் பகுதி, விஷுவல் சி பிளஸ் பிளஸின் அதே பகுதியை ஒட்டியது. அதைத் திறந்தால் இன்னும் விற்கிற சரக்கைத் திறந்ததாகிவிடும். ஒவ்வொரு வரியையும் வக்கீல் பார்க்க வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வருமானமோ பூஜ்யம். அதோடு, பழையதை நன்றாகத் திறந்துவிட்டால் யாரும் புதியதற்கு மாறமாட்டார்கள் என்ற பயமும் உண்டு. இதை மட்டும் அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

கொடுக்கும்போதும் லைசென்ஸில் கோட்டைவிட்டால் வீண். வாட்காம் என்ற சி கம்பைலர் (சி மொழியில் எழுதியதை இயந்திர மொழியாக மாற்றும் மென்பொருள்) ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. அதை வைத்திருந்த சைபேஸ் விற்பனையை நிறுத்திவிட்டு 2003-ல் சோர்ஸைத் திறந்தது. ஆனால் லைசென்ஸில் போட்ட சில நிபந்தனைகளால் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு அதைத் தன் வீட்டுக்குள் சேர்க்கவே இல்லை. கதவைத் திறந்து வைத்து, வாசலில் நாயைக் கட்டிய மாதிரி.

கம்பெனியைக் காத்துக்கொண்டிருக்காமல் வெளியிலிருந்தே திரும்ப எழுதுவதும் ஒரு வழி. ஃபாக்ஸ்ப்ரோவின் பங்காளி மொழி கிளிப்பர். அதன் சோர்ஸ் யாருக்கும் கிடைக்கவில்லை. 1999-ல் சிலர் ஹார்பர் என்று தொடங்கி, அசல் கிளிப்பர் என்ன விடை தருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துச் சோதித்து, அதே மாதிரி நடக்கும் கம்பைலரைக் கட்டிவிட்டார்கள். இன்று லினக்ஸிலும் ஓடுகிறது. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு எக்ஸ்ஷார்ப் என்ற திறந்த மூல மொழி அந்த வேலையைச் செய்துவருகிறது. திரைகளையும் ரிப்போர்ட்டுகளையும் அப்படியே இழுத்துப்போட முடியும் என்று நம்பி இறங்காதீர்கள். சோர்ஸ் இருந்திருந்தால் சில மாதத்தில் முடிகிற வேலையை வருடக்கணக்கில் ஓசியாகச் செய்திருக்கிறார்கள்.

இனி உங்கள் கடை. மைக்ரோசாப்ட் மனம் மாறும் என்று காத்திருக்க வேண்டாம். புரோகிராம் இருக்கிற ஃபோல்டரை முழுசாக ஒரு பென் டிரைவில் எடுங்கள். டிபிஎஃப் என்று முடிகிற டேபிள் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். அதே பெயரில் எஃப்பிடி என்று முடிகிற கோப்பு இருந்தால் அதுவும் வேண்டும், நீளமான குறிப்புகள் அதில்தான் இருக்கும். அது இல்லாமல் டேபிளே திறக்காது. பிறகு பிஆர்ஜி, எஸ்சிஎக்ஸ், விசிஎக்ஸ் என்று முடிகிற கோப்புகள் எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் புரோகிராமின் சோர்ஸ் கையில் இருக்கிறது என்று அர்த்தம், பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இல்லாவிட்டால் எக்ஸியைப் பிரிக்கிற வழிதான். அதற்கு முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது அவருடைய உழைப்பு. அப்புறம் ஒவ்வொரு டேபிளிலும் விலை ஃபீல்டு எத்தனை இடம் என்று பாருங்கள். 6, 2 என்று இருந்தால் கணக்குப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றையும் ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். பறிப்பு தொடங்கிச் சரக்கு வர ஆரம்பித்தால், அந்தக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாமா விடமாட்டார்.